முதல் செமஸ்டரில் யார் கை கொடுத்தார்கள்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பொறியியல் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அந்த முதல் வருடமே சேர்ந்தவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டதால் வீட்டில் பணக் கவலை இல்லை. வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகுதான் வேறு கவலை பிடித்துக்கொண்டது. இந்த வருடம் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

முதல் இன்டர்னலில் கணிதத்தில் மதிப்பெண் குறைந்தவர்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மேலே 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்று தலைப்பு. மாலையில் ரெமடியல் கிளாஸ். காலையில் போட்ட அதே கணக்கை அதே வேகத்தில் போர்டில் மறுபடி போட்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். புரியாத இடம் அப்படியே இருந்தது.

எனக்கு வழி திறந்தது வேறொரு மேடத்திடம். "பிளஸ் டூ கணக்குப் புத்தகம் இருந்தா நாளைக்கு எடுத்துட்டு வாம்மா" என்றார். முதல் அத்தியாயமே அணிகள். அணிக்கோவை, நேர்மாறு, காஸ் நீக்கல் முறை என்று ஒவ்வொன்றாகக் காட்டி, "இது தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாமே தெரிந்தது. நான் தடுமாறியது ஐகன் வேல்யூவில், அதாவது ஒரு அணிக்கு உரிய சிறப்பு எண்களைக் கண்டுபிடிக்கும் பகுதியில். "சரி, அப்ப ஐகன் வேல்யூல புதுசா என்ன இருக்கு, நீயே சொல்லு." யோசித்துப் பார்த்தால், 3×3 அணியின் மூலைவிட்ட உறுப்புகளில் λ-வைக் கழித்து, அதன் அணிக்கோவையைப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தினால் ஒரு முப்படிச் சமன்பாடு வருகிறது. அதைத் தீர்ப்பது மூன்றாம் அத்தியாயத்தில் படித்த சமன்பாட்டியல். அந்த எண்களுக்கு உரிய வெக்டரை, அதாவது ஐகன் வெக்டரைக் கண்டுபிடிப்பது முதல் அத்தியாயக் கடைசியில் இருந்த சமப்படித்தான சமன்பாடுகள். எனக்குத் தெரிந்த இரண்டையும் சேர்த்து வைத்த ஒன்றுக்குத்தான் அவ்வளவு பயந்திருக்கிறேன்.

மேடம் இன்னொன்றும் பழக்கினார். ஒரு கணக்கைப் படித்ததும் நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுத வேண்டும். நின்றுபோகும் வரியில் கோடு போட்டு, அந்தத் தாளோடு அவரிடம் போக வேண்டும். "புரியலைன்னு மட்டும் வராதே, எந்த வரியில நின்னேன்னு காட்டு" என்பார். மொத்தப் பாடமும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு போனால், பெரும்பாலும் ஒரே ஒரு படிதான் விட்டுப்போயிருக்கும்.

*

பொறியியல் கல்லூரி ஆசிரியர்:

அந்தப் பட்டியலைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். அங்கீகாரக் குழு வரும்போது மெதுவாகக் கற்பவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்குக் காட்டப் பட்டியலும் போட்டோவும் தயாராகின்றன. பட்டியலில் பெயர் வந்த பிள்ளை அதற்கப்புறம் வகுப்பில் வாயே திறப்பதில்லை.

அமெரிக்காவில் மிசௌரி-கேன்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் 1973-ல் ஒரு முறையைத் தொடங்கினார். பலர் தோற்கும் பாடம் எதுவென்று பார்த்து அந்தப் பாடத்துக்கு உதவி வைப்பது. அதில் 'இவர் பலவீனமான மாணவர்' என்று யாரையும் பிரிப்பதில்லை. முன்பு அதே பாடத்தில் நன்றாகத் தேறிய சீனியர் ஒருவர் மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார். பிறகு விருப்பப்பட்டு வருகிறவர்களோடு சேர்ந்து பாடத்தை அலசுவார். அவர் பாடம் நடத்தக் கூடாது, கேள்வி கேட்டு அவர்களைப் பேச வைக்க வேண்டும்.

எங்கள் துறையில் கணிதத்துக்கு இதைச் செய்து பார்த்தோம். பெயர்ப் பட்டியல் கிடையாது, யாரும் வரலாம். முதலில் வந்தது நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். அவர்களே சந்தேகம் கேட்பதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் கூச்சம் விட்டு வந்தார்கள். மாலையில் வைத்தபோது கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும் என்று பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். டைம் டேபிளுக்குள்ளேயே ஒரு பீரியடாகக் கொண்டுவந்த பிறகுதான் ஒழுங்காக நடந்தது. செய்ய நினைக்கும் கல்லூரிகள் முதலில் பேருந்து நேரத்தைப் பாருங்கள்.

*

மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு:

எனக்குக் கஷ்டமாக இருந்தது இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், அதாவது பொருள்களை அளவோடு படமாக வரையும் பாடம். கூம்பைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் எப்படி இருக்கும் என்று மனக்கண்ணில் வரவே இல்லை. ஹாஸ்டலில் ஒரு அண்ணன் துணி சோப்பைக் கூம்பாகச் செதுக்கி, பிளேடால் சாய்வாக வெட்டிக் கையில் கொடுத்தார். "இப்ப மேலேருந்து பாரு, அப்புறம் முன்னாலேருந்து பாரு, பார்த்ததை வரைடா." பட்டகம், பிரமிடு எல்லாவற்றுக்கும் அதுதான் வழியானது. இப்போது என் அறைக்கு வரும் ஜூனியர்களுக்கு நானும் செதுக்கிக் கொடுக்கிறேன்.

*

புதிதாகச் சேர்ந்தவர்:

அக்கா, சீனியர்கள் எல்லாரும் டூ மார்க்கை மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகிவிடலாம் என்கிறார்கள். உண்மையா? ஸ்டாஃப் ரூமுக்குப் போகவும் பயமாக இருக்கிறது.

*

முதலில் எழுதிய அக்கா:

இல்லை தம்பி. நாங்கள் எழுதிய அண்ணா பல்கலைக்கழகத் தாளில் 100-க்கு டூ மார்க் பத்துக் கேள்வி, ஆக 20 மதிப்பெண்தான். 13 மதிப்பெண் கேள்வி ஐந்து, 15-க்கு ஒன்று. பெரிய கேள்விகளைத் தொடாமல் தேற முடியாது. அவற்றில் படிப்படியாக மதிப்பெண் உண்டு, விடை தப்பினாலும் வழி சரியாக இருந்தால் ஓரளவு கிடைக்கும். அதனால் பழைய கேள்வித்தாளில் ஒரு 13 மார்க் கேள்வியை எடுத்து இன்று இரவே நோட்டைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். ஸ்டாஃப் ரூமுக்குத் தனியாகப் போகப் பயமென்றால் ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு மதிய இடைவேளையில் போங்கள். எழுதி நின்ற தாள் கையில் இருக்கட்டும், எதைக் கேட்பது என்று தடுமாற வேண்டியிருக்காது. எந்தப் பாடம், எந்த யூனிட் என்று இங்கே எழுதினால் எனக்குத் தெரிந்ததை நானும் சொல்கிறேன்.