பேலோடு: ‘தாங்குசுமை’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

தாம்பரத்திலிருந்து

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தண்ணீர் டேங்க் வைத்து ஓட்டும் சிறு வண்டிக்காரர்களுக்காக நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். டயர் காற்று, பிரேக், டேங்கைக் கட்டும் முறை எல்லாம் எழுதி முடித்தாயிற்று. வண்டியில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதைச் சொல்லும் ‘பேலோடு’ என்ற ஒரே சொல்லில் வண்டி நின்றுவிட்டது. முதல் வரைவில் ‘தாங்குசுமை’ என்று போட்டிருந்தேன். காதுக்கும் நன்றாகத்தான் இருந்தது. போன சனிக்கிழமை ஒரு டிரைவரிடம் படித்துக் காட்டினேன், அன்றைக்கே அடித்துவிட்டேன்.

அவருடையது ‘குட்டியானை’ என்கிற முக்கால் டன் சிறு லாரி. பின்னால் கம்பிக்கூண்டு போட்ட வெள்ளை டேங்க், 1000 லிட்டர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது காய்கறி ஏற்றுவதை விட்டுத் தண்ணீருக்கு மாறியவர். ‘தாங்குசுமை 750 கிலோ’ என்று நான் படித்ததும் சிரித்தார். “அதெல்லாம் தாங்கும் சார். இத்தனை வருஷமா தாங்கிட்டுத்தானே இருக்கு? கமானுக்கு ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டிருக்கேன்.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. தாங்குமா என்று கேட்டால் வண்டி தாங்கும். கமான் என்கிற வில்லின் பட்டை வளையும், டயர் பக்கவாட்டில் பிதுங்கும், ஆனாலும் நகரும். நாம் சொல்ல வந்த விஷயம் வேறு, சொல் சொன்ன விஷயம் வேறு.

பக்கத்திலேயே ஓர் எடை மேடை. சீட்டுக்கு நான் காசு கொடுத்தேன், அவரும் அவர் மச்சானும் இருந்தபடியே வண்டியை ஏற்றினோம். 2,040 கிலோ. ஆர்சி புக்கில், அதாவது பதிவுப் புத்தகத்தில், அனுமதித்த மொத்த எடை 1,550, காலி எடை 800. “மிஷின் தப்பா காட்டுது” என்றார். அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். 1,550இல் 800 போனால் 750. டிரைவர் 70. மச்சான் 60. டேங்கும் கூண்டும் 60. பெட்ரோலில் ஓடும் தண்ணீர் பம்பு, ஹோஸ் சுருள், டேங்க் நகராமல் இருக்க வெல்டு வைத்த ஆங்கிள் சட்டம், மூன்றும் சேர்ந்து இன்னொரு 60. ஆக 250 கழிந்தது.

“அப்போ எனக்கு மிச்சம் எவ்வளவு சார்?” என்று கேட்டார். 500 கிலோ. லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் 500 லிட்டர். பாதி டேங்க்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, வண்டியோடு வழக்கமாக இருக்கும் சாதனங்களைக் காலி எடையில் சேர்க்கிறது, ஓட்டுநரையும் உதவியாளரையும் சேர்ப்பதில்லை. அப்படியானால் டேங்கும் பம்பும் காலி எடைக்குள் வர வேண்டியவை. ஆனால் ஆர்சி வாங்கிய அன்று அவை வண்டியில் இல்லையே! புத்தகத்தில் இருக்கும் 800 வெறும் வண்டியின் எடை. டிரைவர் அந்த 800ஐ நம்பிக் கழித்தால் ஏமாந்துபோவார்.

என் பரிந்துரை: ஏற்றப்படும் பொருளுக்கு ‘ஏற்றுசுமை’. அதன் எல்லைக்கு ‘ஏற்றுவரம்பு’. அடித்துத் துவையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து

தம்பிக்கு,

யாராவது குறளை இழுப்பார்கள், நானே முந்திக்கொள்கிறேன். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’. வண்டியில் ஏற்றியது மயிற்பீலிதான், ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும். இதில் கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு. ஏற்றுவதற்கு வள்ளுவர் ‘பெய்’ என்கிறார். ஏற்றப்படுவது ‘பண்டம்’. புறநானூற்றின் 102ஆம் பாட்டிலும் ‘பண்டம் பெரிது பெய்தன்று’ என்றே வருகிறது. அங்கே உப்பு வணிகர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் சேமஅச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். உம்முடைய டிரைவர் பட்டை சேர்த்ததைப் படித்தபோது அந்த உமணர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். ஒரு வித்தியாசம், அவர்கள் முறிந்தால் மாற்றுவதற்குக் கட்டிக்கொண்டு போனார்கள். இவர் கூட ஏற்றுவதற்காகப் போட்டிருக்கிறார்.

ஆகவே ‘பெய்சுமை’. தண்ணீருக்கும் பொருந்தும், பழைய சொல்லும் ஆகும். பரிசீலிக்கவும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, ‘பெய்’ என்றால் எங்கட பிள்ளைகள் மழையைத்தான் நினைப்பார்கள், அல்லது வேறொன்றை நினைத்துச் சிரிப்பார்கள். தண்ணீர் வண்டியில் அந்தச் சொல்லை எழுதி ஒட்டினால் ஆர் வாங்கிக் குடிப்பது?

எங்களிடம் ‘பாரம்’ நல்ல புழக்கத்தில் இருக்கிறது. லொறியைப் பாரவூர்தி என்று செய்தித்தாளிலேயே எழுதுகிறோம். பாரம் ஏற்றுவது, பாரம் இறக்குவது என்றுதான் கதைப்பதும். தண்ணீர் கொண்டுவரும் வண்டி மட்டும் பவுசர், அதை எவராலும் மாற்ற ஏலாது. ‘பாரவரம்பு’ என்றால் இரண்டு கரையிலும் விளங்கும் என்று நினைக்கிறேன். பாரம் வடமொழி என்று சிலர் சொல்லக்கூடும். சுமக்கிறவனுக்கு அது தெரியாது.

நாமக்கல்லிலிருந்து

லாரி புக்கிங் ஆபீஸில் இருந்து எழுதுகிறேன், தமிழில் பெரிய புலமை கிடையாது. நாங்கள் பேலோடு என்று சொல்வதே இல்லை. “இந்த வண்டிக்குப் பாசிங் எவ்வளவு?” என்று கேட்போம், அவ்வளவுதான். ஆர்டிஓ எவ்வளவுக்கு அனுமதித்திருக்கிறாரோ அது பாசிங். அதற்கு மேலே போனால் ஓவர்லோடு.

பாசிங் என்பது இரும்பின் கணக்கு மட்டும் இல்லை என்பதற்கு எங்களிடம் ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்புகளைக் கூட்டியது. நாலு டயர் போட்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது, இரட்டை அச்சுக்கு 19ஆக இருந்தது 21 ஆனது. அச்சு அதே அச்சு, ரோடு அதே ரோடு. அனுமதி மட்டும் மாறியது. அதனால் தாங்குவதைப் பற்றிய சொல் எங்களுக்கும் ஒத்துவராது. அனுமதி என்ற வாசனை சொல்லில் இருக்க வேண்டும்.

அபராதத்தையும் கையேட்டில் போடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. தண்ணீர் வண்டிக்காரர் எத்தனை லோடு அடித்தால் அந்தக் காசு திரும்பும் என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

தாம்பரத்திலிருந்து

நாமக்கல் நண்பரே, நான் இரண்டு வாரமாகத் தேடியது இதுதான். ‘பாசிங்’ என்பதில் ‘வண்டியால் முடியும்’ என்று இல்லை, ‘உனக்கு விட்டிருக்கிறது’ என்று இருக்கிறது. வரம்பு என்ற சொல்லிலும் அந்த வாசனை உண்டு. வயலுக்கு வரப்பு போல. அதைத் தாண்டி ஏர் ஓட்ட முடியும், ஆனால் அது அடுத்தவன் நிலம்.

‘பாரவரம்பு’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரே தயக்கம், எங்கள் பக்கத்தில் பாரம் என்றால் மனபாரம் முதலில் வந்து நிற்கிறது. டிரைவரிடம் கேட்டேன், “தலை பாரமா சார்?” என்றார்.

இன்னொன்று. டேங்க் வெள்ளை, உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டம் வெளியே தெரிகிறது. 500 லிட்டரில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடலாம் என்று யோசித்தேன். கப்பல்களுக்கு இப்படி ஒரு கோடு உண்டு. பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் போராடி, 1876இல் சட்டத்தில் கொண்டுவர வைத்தார். அதற்குச் ‘சுமைக்கோடு’ என்று சொல்லலாம். டிரைவருக்குக் கிலோவும் வேண்டாம், கழித்தலும் வேண்டாம். கோடு வரைக்கும் பிடி, நிறுத்து.

ஓசூரிலிருந்து

கோடு போடாதீர்கள். தயவுசெய்து.

வண்டி வடிவமைப்பில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 1000 லிட்டர் டேங்கில் 500 லிட்டர் என்பது மிக மோசமான அளவுகளில் ஒன்று. டேங்கின் அடிப்பரப்பு சுமார் 1.2 மீட்டருக்கு 1 மீட்டர். பாதி நிரம்பியிருந்தால் அத்தனை நீளத்துக்கும் தண்ணீர் ஓடலாம், மேலேயும் இடம் இருக்கிறது. பிரேக் பிடித்தால் அரை டன் தண்ணீர் முன்சுவரில் வந்து மோதும், வண்டி நின்ற பிறகு திரும்பிப் போய்ப் பின்சுவரில் மோதும். மேம்பாலத்து வளைவில் வெளிப்பக்கம் சாயும், வண்டி சாயும்போது இன்னும் கொஞ்சம் அங்கேயே போகும். காய்கறி மூட்டை இப்படிச் செய்யாது. எடை சரியாக இருந்தும் கவிழ்வது இதனால்தான்.

நிறைகுடம் தளும்பாது என்று நம் ஆட்கள் சொன்னதை அறிவுரையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அது நேரடியாகவே உண்மை. நிறைந்த டேங்கில் தண்ணீர் போக இடமில்லை, கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். எனவே 500 லிட்டர்தான் கணக்கு என்றால் 500 லிட்டர் டேங்க் வாங்கி, கழுத்து வரை பிடிக்க வேண்டும். வழியில் பாதி விற்றுவிட்டால்? அப்போதும் தளும்பும், ஆனால் 250 கிலோதான், ஓட இடமும் குறைவு. பெரிய டேங்க்தான் வேண்டும் என்றால் உள்ளே குறுக்குத் தகடுகள் வேண்டும். பிளாஸ்டிக் டேங்கில் அதைப் பிறகு செருகுவது நடக்கிற காரியம் இல்லை.

உங்கள் பட்டியலில் இரண்டு சொற்களைச் சேர்க்கச் சொல்வேன். தண்ணீரின் இந்த ஆட்டத்துக்குத் ‘தளும்பல்’ போதும், புதிதாக எதையும் செய்ய வேண்டாம். அந்தத் தகட்டுக்குத் ‘தளும்பல்தடுப்பு’.

டேங்க் எங்கே உட்காருகிறது என்பதையும் பாருங்கள். குழாய் பின்கதவுக்கு வெளியே நீட்டினால் பிடிக்க வசதி என்று டேங்கைக் கடைசி வரை தள்ளிவைப்பார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2,100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1000 கிலோவின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 300 மில்லிமீட்டர் பின்னால் இருந்தால், பின் அச்சில் இறங்குவது 1000 இல்லை, 1,143 கிலோ. அந்த 143 எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து பிடுங்கியது. முன்சக்கரம் தரையை லேசாகத்தான் தொடும், ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆகிவிடும். “இப்ப ஓட்டறதுக்கு ஸ்மூத்தா இருக்கு” என்று டிரைவர் சந்தோஷப்படுவார், அதுதான் பயம். பட்டை சேர்த்ததால் வண்டியின் பின்புறம் தாழாமல் நிற்கும், அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கும் எதுவும் தெரியாது. பட்டை சேர்த்தவர் பிரேக் டிரம்மைப் பெரிதாக்கினாரா?

எனவே ஏற்றுவரம்பு என்று ஒரே எண்ணைச் சொல்லி விட்டுவிட வேண்டாம். ‘அச்சுவரம்பு’ என்று இன்னொன்றும் வேண்டும். எடை மேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினால் பின் அச்சின் எடை தனியாகத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அதற்குத் தனிச் சீட்டு கேட்டாலே போட்டுத் தருவார்கள்.

கும்பகோணத்திலிருந்து

பெய்சுமையைத் திரும்பப் பெறுகிறேன். யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு வீட்டில் சிரித்தார்கள்.

ஆனால் வள்ளுவர் அச்சு முறியும் என்றுதான் சொன்னார், வண்டி முறியும் என்று சொல்லவில்லை; அது ஏன் என்பதை ஓசூர்க்காரர் கணக்கோடு காட்டிவிட்டார். ‘அச்சுவரம்பு’ அருமை.

தாம்பரத்திலிருந்து

நேற்று டிரைவரை மறுபடியும் பார்த்தேன். பழைய டேங்க் வீட்டு மாடிக்குப் போய்விட்டது. வண்டியில் இப்போது கறுப்பு நிற 500 லிட்டர் டேங்க். கூண்டு கிடையாது என்பதால் எடையும் குறைவு. பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், கேபின் பக்கமாக நகர்த்தி வைத்திருக்கிறார். குழாயில் ஒரு மீட்டர் ஹோஸ் மாட்டிப் பின்கதவு வரை கொண்டுவந்துவிட்டார். நடை இரண்டு மடங்கு அடிக்க வேண்டும், டீசல் யார் கொடுப்பார் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. குடத்துக்கு விலையைக் கூட்டப் போவதாகச் சொன்னார்.

கையேட்டில் போகும் சொற்கள் இவை: மொத்த எடை, காலி எடை, ஏற்றுசுமை, ஏற்றுவரம்பு, அச்சுவரம்பு, தளும்பல், தளும்பல்தடுப்பு. ஏற்றுவரம்பு முதல் முறை வரும் இடத்தில் ‘பாசிங்’ என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், இல்லாவிட்டால் யாருக்கும் புரியாது. இலங்கைப் பதிப்பு ஒன்று வந்தால் அதில் பாரவரம்பு. சுமைக்கோடு கப்பலுக்கே இருக்கட்டும்.

கதவில் ஒட்டும் தாளுக்கு டிரைவரே ஒரு வாசகம் சொன்னார், அப்படியே போடுகிறேன்: ‘ஆள் ரெண்டு, தண்ணி 500’.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். ஏற்றுசுமையா, ஏற்றுச்சுமையா? வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது என்று நான் எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் எல்லா இடத்திலும் ‘ச்’ சேர்த்து அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் ஒரு வரி எழுதுங்கள்.

கும்பகோணத்திலிருந்து

மிகாது. ‘ச்’ போட்டால் ‘ஒப்புக்கொண்டு’ என்ற பொருளில் வரும் ஏற்று என்று படிக்க இடமாகும். அந்த மெய்ப்பாளரின் எண்ணைக் கொடும், நான் பேசிக்கொள்கிறேன்.