‘நிலம்போர்த்தி’: தரையை மூடி வளரும் அழகுச் செடிக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

தரையை மூடி வளரும் அழகுச் செடிகளைக் குறிக்க ‘மூடாக்கு’, ‘மூடுபயிர்’, ‘தரைப்படரி’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. அகராதியைப் புரட்டுவதைவிட, ஊதா இலைச் செடி ஒன்றை வளர்ப்பதற்கான குறிப்பில் இவற்றை இட்டுப் பார்த்தால், எது நிற்கும் என்பது விளங்கிவிடும்.

தாவரவியலார் முன்பு ஹெமிகிராஃபிஸ் ஆல்டர்னாட்டா என்று அழைத்து, இப்போது ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் சேர்த்திருக்கும் வெப்பமண்டலச் செடியைக் கொள்வோம். இலையின் மேற்புறம் வெள்ளி பூசினாற்போன்ற சாம்பல் பச்சையாகவும் அடிப்புறம் அடர் ஊதாவாகவும் இருக்கும். தண்டின் கணு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் பிடிக்கும். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுத் துண்டுகளை, கிளைகளினூடே வெயில் விழும் ஈரப்பதமான இடத்தில், ஒரு சாண் இடைவெளியில் நட்டு, நுனிகளைக் கிள்ளிவந்தால் பக்கக் கிளைகள் பெருகி இடைவெளி அடைபடும். நிழல் மிகுந்தால் ஊதா மங்கிப் பச்சை மேலோங்கும். உச்சி வெயில் பட்டால் இலை வெளிறும். இடைவெளி அடைபடும்வரை களை முளைக்காதிருக்கச் சருகையோ வைக்கோலையோ பரப்புகிறோம். மூடாக்கு என்று உழவர்கள் சொல்வது அதைத்தான். செடிக்கும் அப்பெயரையே வைத்தால், “மூடாக்கு பரவும்வரை மூடாக்கு இடுக” என்று எழுத நேரும்.

மூடுபயிர் மண்வளத்துக்காக விதைக்கப்பட்டுப் பெரும்பாலும் மடக்கி உழப்படுவது. ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும் இச்செடிக்கு அது பொருந்தாது. ‘தரைப்படரி’ அழகான சொல்தான், நானும் முதலில் அதன் பக்கமே இருந்தேன். ஆனால் பூசணியும் தரையில் படர்கிறது. அதை யாரும் இவ்வகையில் சேர்ப்பதில்லை. மாறாக, அடிப்புறம் ஊதாவான ட்ரடெஸ்கான்ஷியா ஸ்பதேசியா படராமல் தூராகவே வளர்ந்தாலும், நெருக்கி நட்டால் தரையை மறைத்துவிடுகிறது. ஆகவே சொல்லில் நிற்க வேண்டியது வளரும் விதமன்று, மூடும் செயல்.

எனவே ‘நிலம்போர்த்தி’ என்பதை முன்வைக்கிறேன். மரங்கொத்தி, மண்வெட்டி போன்ற ஆக்கம் இது. மேற்சொன்ன செடிக்கே மலையாளத்தில் வழங்கும் ‘முறிகூட்டி’, அதாவது காயத்தை ஒன்றுசேர்த்து ஆற்றுவது, என்ற பெயரும் இதே வார்ப்புதான். ‘தரை’யை விட்டு ‘நில’த்தைக் கொண்டதற்குக் காரணம், நிலவேம்பு, நிலப்பனை என்று தாழ வளரும் செடிகளுக்கு அம்முன்னொட்டு ஏற்கெனவே பழகியிருப்பது. ‘நிலமூடி’ குறுகியதுதான், எனினும் ‘மூடி’ என்றதும் பாத்திரம் நினைவுக்கு வருகிறது.

பொதுச்சொல் முடிவானபின் செடியின் தனிப்பெயரையும் பார்க்கலாம். நீலக்குறிஞ்சியும் ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினமே என்பதால் ‘நிலக்குறிஞ்சி’ என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஓர் எழுத்தின் குறில் நெடிலானால் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதன் பெயர் இதற்கு வந்துவிடும் என்பதால், அதை இப்போதைக்கு வற்புறுத்தவில்லை.