ஈ.எம்.ஐ. கடையில் வைத்த தட்டு எப்படிச் சுயாதீனம்?

உவர்மலையான் | இரவு 8.12
நீளமான, தாளம் மாறி மாறிப் போற றொக் வாசிக்கிற மரிலியன் எண்ட இங்கிலாந்துக் குழுவைப் பற்றி நேற்று ஒரு தம்பி இஞ்ச எழுதியிருந்தார்: "மரிலியன்தான் உண்மையான சுயாதீனப் புறோகிறசிவ் றொக் குழு. கொம்பனியே இல்லாமல் ரசிகரின்ட காசில அல்பம் போட்டவங்கள். திருகோணமலைப் பெடியளும் பழக வேணும்." வாசிச்ச உடனே எனக்குத் தேத்தண்ணி புரையேறிப் போச்சு. 2001இல வந்த அவையின்ட 'அனராக்னோபோபியா' தட்டைக் கடை கடையா விநியோகிச்சது ஆர்? ஈ.எம்.ஐ. எண்ட பெரிய இசைத்தட்டுக் கொம்பனி! 1995இல இவையளைக் கழட்டி விட்ட அதே ஈ.எம்.ஐ. முன்வாசலால கலைச்சவன்ட வீட்டுக்குப் பின்வாசலால போனவைக்குப் பேர் சுயாதீனமாம்.

திருக்கடலூர்த் தம்பி | 8.20
அந்தத் தம்பி நான்தான் அண்ணை. பேரைச் சொல்லியே ஏசலாம். கடைக்குக் கொண்டு போனது வேற, காசு போட்டது வேற. ஒரு பாட்டும் பதிய முதலே 12,000க்கு மேல சனம் காசு கட்டிட்டு இருந்தது. அந்தக் காசிலதான் அல்பம். பாட்டின்ட உரிமை குழுவிட்ட. ஈ.எம்.ஐ. வெறும் லொறிக்காரன். எங்கட அப்பா பிடிக்கிற சூரையைக் கொழும்புக்கு ஏத்திறவன் எங்கட தோணிக்கு முதலாளியோ?

உவர்மலையான் | 8.23
லொறிக்காரன் முதலாளி இல்லையாம்! தம்பி, விடியக் கரையில கிலோ இவ்வளவுதான் எண்டு விலை சொல்லுறது உங்கட அப்பாவோ, லொறிக்காரனோ?

திருக்கடலூர்த் தம்பி | 8.24
அப்பாவை இழுக்காதேங்கோ.

உவர்மலையான் | 8.24
நீர்தான் இழுத்தனீர். நான் விலையைத்தான் கேட்டனான்.

மிஸ்ரசாபு | 8.31
லொறியை விடுங்கோ. புறோகிறசிவ் எண்டு என்னத்துக்கு இவ்வளவு எடுப்பு? ஏழு எண்ணத்தில வாசிச்சா உடனே மேதை எண்டுறியள். தகிட தகதிமி, மூண்டும் நாலும் ஏழு. அஞ்சு வேணுமெண்டால் கண்டசாபு தாளம். கோயில் திருவிழாவில தவில்காரருக்குப் பக்கத்தில நிக்கிற சின்னப் பொடியனும் தொடையில தட்டிக் காட்டுவான். இதுக்கு இங்கிலாந்தில மரிலியன்ட ஊர் எய்ல்ஸ்பறியில இருந்து ஆக்கள் வர வேணுமோ?

உப்புவெளிக் கெசட் | 8.40
ஏழு எண்ணத்தைப் பற்றி ஆர் கதைச்சது? விசயம் கதையில இருக்கு. 1994இல 'பிரேவ்' எண்டு மரிலியன்ட ஒரு அல்பம். பாலமொண்டில தனிய அலைஞ்ச ஒரு பெட்டை, தான் ஆரெண்டு சொல்ல மாட்டாள். ஆருக்கும் இவளைத் தெரியுமோ எண்டு பொலிஸ் வானொலியில கேக்குது. குழுவின்ட பாடகர் ஹோகார்த் அதைக் கேட்டுத்தான் அந்தக் கதை பிறந்தது. முழு அல்பமும் அந்தப் பெட்டையின்ட பின்னாலதான் போகும். கீபோட்டும் கிற்றாரும் அவசரமே படாது. கரண்ட் போன இரவில அதைக் கேட்டுப் பார்க்க வேணும். தொடையில தட்டுறவைக்கு இது விளங்காது.

மிஸ்ரசாபு | 8.42
கரண்ட் போனால் எதில கேக்கிறது?

உப்புவெளிக் கெசட் | 8.43
பற்றரியில. நீங்கள் எந்த ஊர்?

அன்புவழிபுரம் அக்கா | 8.51
ஆரோ புறோகிறசிவ் றொக்கை "முற்போக்கு றொக்" எண்டு தமிழில எழுதியிருந்தினம், சிரிச்சு முடியேல்ல. முற்போக்கு எண்டால் எனக்கு எழுத்தாளர் சங்கம்தான் ஞாபகம் வரும். அப்ப அந்தச் சங்கத்தோட கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டு நற்போக்கு எண்ட எழுத்தாளர் எஸ்.பொ. மாதிரி ஆரும் நற்போக்கு றொக் தொடங்கேல்லையோ?

உவர்மலையான் | 8.55
வெளிக்கிட்டவர் இருக்கிறார் அக்கா. மரிலியன்ட முந்தின பாடகர் ஃபிஷ், 1988இல போனவர். பேரே மீன். அவரும் போகுமட்டும் ஈ.எம்.ஐ. லொறியிலதான் போனவர். தம்பி இன்னும் பதில் சொல்லேல்லை. கடையில வச்சது ஆர்?

திருக்கடலூர்த் தம்பி | 9.02
ஒரே கேள்வியை எத்தனை தரம் கேப்பியள்? 1997ஐப் பாருங்கோ. அமெரிக்காவுக்குப் போய் வாசிக்கக் காசில்லை எண்டு கீபோட் வாசிக்கிற மார்க் கெலி சொன்ன உடனே, அங்கத்தை ரசிகர் தாங்களே இணையத்தில 60,000 டொலர் சேர்த்தவை. குழு கேக்கவே இல்லை. இணையத்தில சனத்திட்டக் காசு சேர்க்கிற கிக்ஸ்டாட்டர் தளம் வந்ததே 2009இல. 2004இல 'மார்பிள்ஸ்' அல்பம் சொந்த லேபலில, அதாவது சொந்தத் தட்டுக் கொம்பனியில வந்தது, அதின்ட ஒரு பாட்டு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில ஏழாம் இடம். போதுமோ?

உவர்மலையான் | 9.05
1997 நல்லது. 2004 நல்லது. நான் கேட்டது 2001. நடுவில இருக்கிற படியைப் பாய்ஞ்சு போறீர். இன்னும் ஒண்டு சொல்லுறன். 2016இல அல்பம் போட பிளெட்ஜ்மியூசிக் எண்ட இணையத் தளத்தைப் பிடிச்சவை. ரசிகரிட்டக் காசு சேர்த்துக் குடுக்கிறதும் ஒரு கொம்பனிதான். அது 2019இல கவிண்டு, எத்தினையோ பாட்டுக்காரருக்குக் காசு வராமல் போச்சு. லொறி மாறினது, அவ்வளவுதான். நான் இந்தக் குழுவை 1985இல இருந்து கேக்கிறனான். எனக்குப் படிப்பிக்க வராதேங்கோ.

உப்புவெளிக் கெசட் | 9.09
எதில கேட்டனீ மச்சான்? என்ட கெசட்டில! மரிலியன்ட 'மிஸ்பிளேஸ்ட் சைல்ட்ஹூட்' கெசட்டை ரெண்டு நாளில தாறன் எண்டு கொண்டு போனனீ. உன்ட மூத்தவளுக்குக் கலியாணமும் முடிஞ்சு போச்சு. விநியோகத்தைப் பற்றி நீ கதைக்கிறாய்.

உவர்மலையான் | 9.11
அது கொப்பி அடிச்ச கெசட். ஒறிஜினல் இல்லை. நாடா சிக்கிச் சிக்கி, பென்சிலால சுத்தித்தான் கேட்டது. அதுக்கு ஒரு வழக்கு.

உப்புவெளிக் கெசட் | 9.12
கொப்பியோ ஒறிஜினலோ, சொந்தக்காரன் நான்.

திருக்கடலூர்த் தம்பி | 9.13
பாத்தீங்களோ அண்ணை! கெசட் உங்கட அலுமாரியில, சொந்தம் அவருக்கு. தட்டு ஈ.எம்.ஐ. கடையில, சொந்தம் மரிலியனுக்கு. இதைத்தானே ஒரு மணித்தியாலமாச் சொல்லுறன்.

உவர்மலையான் | 9.15
கெசட்டை நான் வித்துக் காசு பாக்கேல்லை. ஈ.எம்.ஐ. சும்மா கொண்டு போனதோ? ஒரு பவுணும் எடுக்காமல் புண்ணியத்துக்கோ? சொல்லும்.

மிஸ்ரசாபு | 9.18
அந்தப் பெரிய அல்பங்களில ஒரு தவில் இருக்கோ?

உப்புவெளிக் கெசட் | 9.18
ஆராவது இவரை நிப்பாட்டுங்கோ.

மிஸ்ரசாபு | 9.20
ஏன் நிப்பாட்ட வேணும்? சம்பந்தர் கோணமலைக்குப் பதிகம் பாடேக்க எந்த லேபலில பாடினவர்? உண்மையான சுயாதீனம் அதுதான்.

அன்புவழிபுரம் அக்கா | 9.22
ஐயோ, சாமியையும் லொறியில ஏத்திப் போட்டாங்கள்.

திருக்கடலூர்த் தம்பி | 9.26
நான் எழுதினதின்ட நோக்கமே வேற. இஞ்ச பெடியள் நாலு பேர் சொந்தப் பாட்டு வச்சிருக்கிறாங்கள், பதினொரு நிமிசப் பாட்டு. கலியாண வீட்டில பைலா கேக்கிற சனத்துக்கு வாசிச்சுத்தான் கிற்றார் கம்பிக்கே காசு சேர்க்கிறாங்கள். முன்காசு தர ஒரு நூறு பேர் இருந்தால் பதியலாம் எண்டுதான் மரிலியனைக் காட்டினனான்.

உவர்மலையான் | 9.30
பதினொரு நிமிசமோ? நல்லது, நான் காசு தாறன். ஆனால் "மரிலியன் மாதிரி" எண்டு போடாதேயும். அவையின்ட தட்டை 2001இல கடையில வச்சது ஈ.எம்.ஐ. அதை ஒருக்கா ஒத்துக்கொண்டு ஒரு வரி எழுதும், நான் படுக்கப் போறன்.

திருக்கடலூர்த் தம்பி | 9.31
கடையில வச்சது எண்டு நான் எப்ப மறுத்தனான்? லொறிக்காரன் எண்டுதானே சொன்னனான்.

உவர்மலையான் | 9.31
லொறிக்காரன் முதலாளி.

திருக்கடலூர்த் தம்பி | 9.32
இல்லை.

உப்புவெளிக் கெசட் | 9.34
படுக்க முதல் என்ட கெசட்டைத் தேடி எடு.

உவர்மலையான் | 9.36
தம்பி அந்த ஒரு வரியை எழுதின பிறகு தாறன்.

உப்புவெளிக் கெசட் | 9.37
உறையோட வேணும்.