வீட்டிலேயே ரீகாயில் பேட் மாட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரீகாயில் பேட் என்றால் துப்பாக்கியின் உதையைத் தாங்க, கட்டையின் தோள்பக்க முனையில் மாட்டும் ரப்பர் மெத்தை. நானே தொடங்கி வைக்கிறேன். இருப்பது டல்லாஸ் பக்கம். துப்பாக்கி ரெமிங்டன் 870 ஷாட்கன், 12 கேஜ் (குழல் அளவு), வால்நட் மரத்தில் கட்டை (தோளில் வைக்கும் பின்பகுதி). மனைவியும் கிளே (காற்றில் வீசப்படும் இலக்குத் தட்டு) சுட ஆசைப்பட்டு என்னோடு வந்தாள். ஒரு சுற்று, 25 தட்டு. வீட்டுக்கு வந்து பார்த்தால் புஜத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. உதை மட்டும் காரணமில்லை. விசையிலிருந்து கட்டையின் நுனிவரை 14 அங்குலம், அவளுக்கு அது நீளம். எட்டிப் பிடித்ததில் கட்டை தோள்குழியில் பதியாமல் புஜத்தில் உட்கார்ந்துவிட்டது.

அவளுக்கு 13 அங்குலம் போதும். பழைய பேட் அரை அங்குலம், வாங்கிய பேட் ஒரு அங்குலம். அப்படியானால் மரத்தில் ஒன்றரை அங்குலம் குறைக்க வேண்டும். தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கட்டையைத் தனியே கழற்றினேன். மாஸ்கிங் டேப் சுற்றி, அதன்மேல் கோடு போட்டு, பொடிப்பல் ரம்பத்தால் அறுத்தேன். டேப் இருந்ததால் ஓரத்தில் சிராய் பெயரவில்லை.

தப்பு நடந்தது சாய்வில், அதாவது கட்டையின் முனை அறுபட்டிருக்கும் கோணத்தில். கடையில் வந்தபோது இருந்த சாய்வைக் கவனிக்காமல் கண்மதிப்பில் அறுத்துவிட்டேன். தோளில் வைத்தால் கீழ்முனை நெஞ்சில் குத்தியது. நல்லவேளை, அளவுக்குக் கொஞ்சம் வெளியே அறுத்திருந்தேன். பழைய முனைக்கு இணையாக வேறு கோடு போட்டு, உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்ய ஒரு மாலை முழுக்க ஆனது. மரத்தை எடுக்கலாம், திரும்ப ஒட்ட முடியாது. கை நடுங்கியது உண்மை.

அப்புறம் திருகு. பழைய துளைகள் புதுப் பேடுக்குப் பொருந்தவில்லை. மரக்குச்சியைப் பசை தடவி இறக்கி, மறுநாள் புதிதாகத் துளைத்தேன். பேடின் முகத்தில் துளை தெரியாது. பின்பக்கத் துளைக்கு நேராக பிளேடு நுனியால் சின்னதாகக் கீறி, திருகுக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி உள்ளே விட வேண்டும். கழுத்து உருண்டையான ஸ்க்ரூடிரைவர்தான் நல்லது, சதுரமானது ரப்பரைக் கிழித்துவிடும். முடுக்கி முடித்ததும் கீறல் தானாக மூடிக்கொள்கிறது.

கட்டையைச் சுற்றிப் பேடின் அடித்தகட்டில் ஊசியால் கோடு கீறி, கழற்றி, பெல்ட் சாண்டரில் கோடுவரை தேய்த்தேன். ஒரே இடத்தில் அழுத்தினால் ரப்பர் சூடேறிப் பிசுபிசுக்கும். முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

—

அண்ணா, நான் டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கோடையில் டி-ஷர்ட்டோடு அளந்து அறுத்தேன். நவம்பரில் தடித்த ஜாக்கெட் போட்டு வாத்து வேட்டைக்குப் போனால், தூக்கும்போதெல்லாம் பேட் அக்குளில் சிக்கியது. குளிருக்கும் அதே துப்பாக்கி என்றால் ஜாக்கெட்டோடும் ஒருமுறை அளந்துவிடுங்கள். நான் மேல் ஓரத்தை உப்புத்தாளால் உருட்டி, அங்கே மட்டும் வழவழப்பான டேப் ஒட்டிச் சமாளித்தேன்.

—

தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. செப்டம்பர் 1 புறா சீசனுக்கு இங்கே வெயில்தான், ஜனவரியில்தான் ஜாக்கெட். இன்று மாலையே அவளை ஜாக்கெட் போடச் சொல்லித் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன். போன ஞாயிறு நான்கு சுற்று சுட்டாள். தோளில் ஒரு கன்றலும் இல்லை.