குளச்சல் உப்புக்காற்றும் என் இரட்டைக்குழல் துப்பாக்கியும்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபின் வங்கிக் காவலராக வேலை பார்க்கிறேன். உரிமம் பெற்ற, 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று என்னிடம் உள்ளது. வீடு குளச்சலில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். ராஜஸ்தானில் பணியாற்றியபோது, மாதக்கணக்கில் மண்ணில் கிடந்த கூடாரத்து ஆணிகூடப் பளபளப்பு மாறாமல் இருந்ததைப் பார்த்தவன் நான். இங்கே இரவில் ஈரமாக விட்ட அரிவாள்மணை விடியும்முன் பழுப்பேறிவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதச் சாரலில், மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் நாகர்கோவில் சென்றேன். புறப்படும் அவசரத்தில் துப்பாக்கிக்கு எண்ணெய் நன்றாகப் பூசி, பஞ்சு வைத்துத் தைத்த கான்வாஸ் உறையில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திரும்பி வந்து உறையைத் திறந்தபோது, விசைக்கு மேலுள்ள இரும்பில் என் கட்டைவிரல் ரேகை பழுப்பு நிறத்தில் அச்சடித்ததுபோல் பதிந்திருந்தது. ரேகையின் சுழிகளை எண்ணிவிடலாம்போல் அவ்வளவு தெளிவு. அந்த இடத்தில் எண்ணெய் இருக்கத்தான் செய்தது. எண்ணெய்க்கு அடியில் துரு இருந்தது.

பக்கத்து வீட்டு மீனவர் ஒருவர், வயதில் என்னைவிட மூத்தவர், அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எண்ணெய் உப்பைக் கரைக்காது சார். வள்ளத்து எஞ்சினை நாங்க முதல்ல நல்ல தண்ணியில கழுவுவோம், அப்புறம்தான் எண்ணெய்.” ஒன்பது ஆண்டு ஆயுதப் பராமரிப்பில் நான் பிடித்துக்கொள்ளாத உண்மை அது. வியர்வையிலும் கடற்காற்றிலும் உள்ள உப்பு எண்ணெயில் கரைவதில்லை. அதன்மேல் எண்ணெய் பூசினால் உப்பைப் பத்திரமாக மூடி வைக்கிறோம், அவ்வளவுதான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தொட்டாலே ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்துக்கே இளகும். வெயில் காய்ந்த நாளிலும் கடலோர இரும்பு நனைந்தே இருப்பதன் காரணம் இது.

எந்த எண்ணெய் எவ்வளவு தாங்கும் என்பதை நானே பார்த்துவிடத் தீர்மானித்தேன். லேத் பட்டறையில் ஒரே பட்டையிலிருந்து எட்டு இரும்புத் துண்டுகள் வெட்டி வாங்கி, எமரித் தாளால் தேய்த்து, தின்னர் கொண்டு துடைத்து, ஒன்றை வெறுமனே விட்டு, மற்ற ஏழிலும் வெவ்வேறு பொருளைப் பூசி, மழை நேரடியாக விழாதபடி மொட்டைமாடிக் கூரைக்கடியில் கம்பியில் தொங்கவிட்டேன். வெறும் துண்டு ஓர் இரவில் சிவந்தது. அடுத்துத் தோற்றது, பலர் வியக்கக்கூடும், டபிள்யூடி-40 என்னும் ஸ்ப்ரே. ஐந்தாம் நாளே ஊசிமுனைப் புள்ளிகள் தோன்றின. இதில் அந்தப் பொருளின் குறை எதுவும் இல்லை. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானபோதே ‘நீர் விரட்டி, நாற்பதாவது முயற்சி’ என்றுதான் அதற்குப் பெயர் வைத்தார்கள். நனைந்த துப்பாக்கியிலிருந்து நீரை வெளியேற்ற அதைப்போல் உதவும் பொருள் குறைவு. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போய், மிஞ்சுவது மெல்லிய படலமே. கடலோரத்தில் அந்தப் படலத்தை நம்பி மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது.

தையல் மிஷின் எண்ணெய் ஒரு வாரம் நின்றது. தேங்காய் எண்ணெய் அதைவிடக் கூடுதலாக நின்றது என்பதை மறைக்க மாட்டேன். இந்த மாவட்டத்தில் தலைமுறைகளாக வெட்டுக்கத்திக்கு அதைத்தான் பூசுகிறோம். எனினும் நாள்பட்டால் அது சிக்கெடுத்து அமிலமாகும், பித்தளையில் பச்சை பூக்கும். தோட்டாவின் அடிப்பகுதி பித்தளை என்பதால் துப்பாக்கிக்கு அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். புதிய எஞ்சின் ஆயில் பரவாயில்லை. பழைய கழிவு ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும் என்பதால் அதை நான் சோதிக்கவே இல்லை. சுத்தம் செய்தல், உராய்வைக் குறைத்தல், பாதுகாத்தல் ஆகிய மூன்றையும் செய்யும் சிஎல்பி வகைத் துப்பாக்கி எண்ணெய் மூன்றாவது வாரத்தில்தான், அதுவும் துண்டின் ஓரங்களில் மட்டும் விட்டுக்கொடுத்தது. கிரீஸ் துருவை முழுமையாகத் தடுத்தது. ஆனால் மணலும் பூச்சியும் ஒட்டி, துடைக்கவே அரை நாள் ஆயிற்று.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஏழாவது துண்டு. மார்த்தாண்டத்தில் தேன் எடுப்பவரிடம் வாங்கிய தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கி, அதனுடன் மினரல் ஆயில் கலந்து, இளஞ்சூட்டில் துணியால் தேய்த்தேன். காய்ந்தபின் கையில் ஒட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது, துளையிட்ட இடத்தைச் சுற்றி மட்டும் சிறு கறை இருந்தது. குலசேகரத்தில் ரப்பர் வைத்திருக்கும் என் மச்சினன் அதையே தன் பால்வெட்டுக் கத்திகளின் பிடியோரத்தில் பூசிப் பார்த்து நன்றாக இருப்பதாகச் சொன்னான். கூர்முனைக்கு அது உதவாதாம், தினமும் தீட்டுவதால் போய்விடுகிறதாம்.

இப்போது என் நடைமுறை இது. பணி முடிந்து வந்ததும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளி இரும்பைத் துடைத்து, உடனே உலர்த்தி, நீர்விரட்டி அடித்து, அதையும் துடைத்தபின் வெறுங்கை படாமல் சிஎல்பி பூசுகிறேன். குழலின் வெளிப்புறத்துக்கு மாதம் ஒருமுறை மெழுகு. குழலின் கருநீல நிறம் பெயின்ட் அன்று. இரும்பின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறிய மெல்லிய படலம். அது எண்ணெயைப் பிடித்து வைக்கும், தனியாக நின்று துருவைத் தடுக்காது. உட்குழலில் எண்ணெய் மட்டுமே. சுடுவதற்குமுன் புல்த்ரூ என்னும் குழல் துடைக்கும் கயிற்றில் உலர்ந்த துணியைக் கட்டி இழுத்து, குழலையும் தோட்டா அறையையும் முற்றிலும் துடைத்துவிட வேண்டும். குழலில் கிரீஸோ மிகுந்த எண்ணெயோ தங்கினால் அழுத்தம் ஏறி ஆபத்தாகும். ஊடுருவும் எண்ணெய் தோட்டாவின் அடியில் தீப்பொறி மூட்டும் பிரைமரைச் செயலிழக்கச் செய்யும். வைக்கும்போது குழல்வாய் கீழ்நோக்கி இருந்தால், வழியும் எண்ணெய் துப்பாக்கியின் பின்கட்டைக்குள் இறங்கி மரத்தை மென்மையாக்காது. ஈரத்தைப் பிடித்து வைக்கும் அந்தக் கான்வாஸ் உறையை, எடுத்துச் செல்லும் நேரம் தவிர, பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டேன்.

விரல் ரேகையை எண்ணெயும் மிக மெல்லிய எஃகுப் பஞ்சும் கொண்டு தேய்த்தபோது துரு போயிற்று, அதனுடன் கருநீலமும் போய், அந்த இடத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு திட்டு நிற்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகள் நிற்கும் வெளியில், மணற்காற்றில் இரும்பு வைத்திருப்பவர்கள் யாரேனும் மெழுகு பூசிப் பார்த்திருந்தால், புழுதி அதில் ஒட்டுகிறதா என்பதை எழுதுங்கள். என் மாடியில் அதைச் சோதிக்க வழியில்லை.