நாடி பார்க்க வருகிறவர்

எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் மாலை நேர கிளினிக் நடத்தினேன். ஊர்ப் பெயர் வேண்டாம். "சாபம் பிடித்த ஊர் சார், டாக்டர்கள் தங்குவதில்லை" என்றார் கம்பவுண்டர். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்து கிடக்கும் இடத்தில் இருமலுக்குச் சாபம் வேறு வேண்டுமா? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி வந்தவர்களுக்கெல்லாம் சொல்ல என்னிடம் காரணம் இருந்தது.

பெரிய டாக்டர் விஷயத்துக்குத்தான் இல்லை. வெகுகாலம் முன்பு அங்கே வைத்தியம் பார்த்து, அங்கேயே இறந்தவர். வாந்திபேதி பரவிய காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியவர் தானே படுத்தபோது ஒருவரும் அவர் வாசலை மிதிக்கவில்லையாம். "எனக்கு நாடி பார்க்க ஆளில்லை அல்லவா, உங்கள் எல்லோருக்கும் நானே வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாராம்.

இரவில் பாயோரம் உட்கார்ந்து இடது மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பார். அவர் தொட்டவர்கள் அடுத்த அமாவாசையைத் தாண்டுவதில்லை. வலை பின்னும் ஒரு பாட்டியின் மணிக்கட்டில் மூன்று இடம் வெளுத்திருந்தது. தொழுநோய்த் தேமலோ என்று ஊசியால் குத்திப் பார்த்தேன். உணர்ச்சியே இல்லை. அவர் போன பிறகு, படகில் போகும் வாலிபன் ஒருவன் அதே மாதிரிக் கையை நீட்டினான். ஈசிஜி சுத்தமாக இருந்தது. அவனும் போய்விட்டான்.

மழைக்கு ஒதுங்கி கிளினிக் பெஞ்சிலேயே தூங்கிய இரவில் என் கையை யாரோ பிடித்தார்கள். மின்சாரம் இல்லை. ஸ்பிரிட் வாடை. எங்களைப் போல் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குகிற அவசரம் அந்த விரல்களுக்கு இல்லை. நிதானமாக முழு நிமிடமும் எண்ணின. பயத்தில் வேறு என்ன செய்வது என்று தெரியாமல், தொழில் பழக்கத்தில் நானும் அந்த மணிக்கட்டைப் பற்றி நாடி தேடினேன். ஒன்றுமே இல்லை.

"எவ்வளவு?" என்றது குரல்.

"எழுபத்திரண்டு, சார்" என்று பொய் சொன்னேன்.

பிடி விலகியது. அமாவாசைகள் எத்தனையோ போய்விட்டன, உயிரோடு இருக்கிறேன். அந்த மாதமே கிளினிக்கை மூடிவிட்டுத் திருவொற்றியூருக்கு வந்துவிட்டேன்.

மறுமொழி:

டாக்டர் ஐயா, நாங்கள் அதே குப்பம். நீங்கள் போன பிறகும் அவர் வருகிறார். முன்பு வாய் திறக்க மாட்டார். இப்போது கையை விடும்போது "எழுபத்திரண்டு, நல்லா இருக்கிறாய்" என்கிறாராம். என் மாமியார் அதை நம்பி மருந்தை நிறுத்திவிட்டார். போன வாரம்தான் கருமாதி முடிந்தது.