மறு: நாயின் கால்மயிருக்கு ஒரு சொல் – ‘இறகமைவு’ வேண்டாம், ‘தோகை’ போதும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாயின் மயிர், நகப் பராமரிப்புக் கையேட்டுக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், ஃபெதரிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘இறகமைவு’ என்று சேர்த்திருப்பதைப் பார்த்தேன். ஆங்கிலச் சொல்லுக்குள் இறகு இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் காக்கர் ஸ்பேனியல் இன நாய் ஒன்று வளர்கிறது. மாதம் ஒருமுறை அதன் காலைப் பிடித்துக் கத்தரி வைப்பவள் நான். அந்த வேலையை வைத்துச் சொல்கிறேன்.

முன்னங்காலின் பின்புறத்தில், முழங்கையிலிருந்து கீழே வரிசையாகத் தொங்கும் நீண்ட மயிர்தான் ஃபெதரிங். கோல்டன் ரெட்ரீவர், ஐரிஷ் செட்டர் போன்ற இனங்களுக்குப் பின்தொடையிலும் வாலிலும்கூட உண்டு. ஷீட்சூ என்ற சிறிய இன நாய்க்கு உடம்பெல்லாம் நீளமயிர் என்பதால் அங்கே இப்படித் தனியாகப் பிரித்துச் சொல்வதில்லை.

‘குஞ்சம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் குஞ்சம் ஒரே முடிச்சிலிருந்து தொங்குவது. இந்த மயிர் கால் நெடுக ஒரு கோடாகத் தொங்குகிறது. அதற்குத் தோகை என்பதே பொருந்தும். மயிலுக்கும் தோகை, கரும்புக்கும் தோகை, தொங்கும் துணித் தலைப்புக்கும் தோகை. இறகு என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘கால்தோகை’, ‘தொடைத்தோகை’, ‘வால்தோகை’ என்று இடத்துக்கு ஏற்பப் பிரிக்கவும் வசதி.

ஃபெதரிங்குக்குச் ‘சடை’ என்ற சொல்லும் வேண்டாம் என்று சொல்வதற்கு வேறு காரணம். நீளமயிர் நாயைச் சடைநாய் என்கிறோம், சரி. ஆனால் மயிர் கம்பளி மாதிரி இறுகிப்போவதற்கும் நமக்கு ஒரு சொல் வேண்டுமே! சீப்புக்கு இளகினால் சிக்கு, இளகாமல் கட்டியாகிவிட்டால் சடை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது வேலைக்கு முக்கியம். சிக்கைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். நனைந்து காய்ந்தால் அதுவே சடையாக இறுகிவிடும். சடையைப் பிடித்து இழுத்தால் தோலும் கூட வரும். அதனால் தோலுக்கும் சடைக்கும் நடுவே சீப்பை வைத்துக்கொண்டு, சீப்புக்கு மேலே வெட்ட வேண்டும்.

அடுத்தது ட்ரிம்மிங். பட்டியலில் ‘மயிர்க்குறைப்பு’ என்றிருக்கிறது. மீசையை ஒதுக்கிவிடுங்கள் என்று சலூனில் சொல்கிறோமே, அந்த ‘ஒதுக்குதல்’ இங்கேயும் போதும். தோகையைப் பொதுவாக மழிப்பதில்லை; ஒதுக்கத்தான் செய்கிறோம். சாதாரணக் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டினால் படிக்கட்டு மாதிரித் தடம் விழும். பல் வைத்த கத்தரியைக் காலுக்கு இணையாகப் பிடித்து, கொஞ்சம் வெட்டி, சீவிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வெட்டினால்தான் தோகை தோகையாகவே இருக்கும்.

ஹாக் என்ற பின்னங்கால் மூட்டுக்கு ‘பின்முழங்கால்’ என்றிருப்பது பிழை. நாய் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. பின்னங்காலில் முழங்கால் பின்பக்கம் மடிவதுபோல் தெரியும் இடம் உண்மையில் அதன் கணுக்கால். அங்கே துருத்திக்கொண்டிருப்பது குதிகால் எலும்பு. ‘குதிகால்’ என்றே போட்டுவிடலாம். ‘குதிகாலுக்குக் கீழே உள்ள மயிரை வெளிப்பக்கமாகச் சீவி நேராக ஒதுக்கவும்’ என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

உள்ளங்காலுக்கு வருகிறேன். அங்கே மெத்தை மாதிரி இருக்கும் சதைத் திண்டுகளுக்கு நடுவே வளரும் மயிரை விட்டுவிட்டால், டைல்ஸ் தரையில் நாய் வழுக்கும். உண்ணியும் ஒட்டுப்புல்லும் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். மழைக்காலத்தில் ஈரம் தங்கிப் புண்ணாகும். அங்கே முனை மழுங்கிய சின்னக் கத்தரிதான் பாதுகாப்பு. மெத்தை மட்டத்துக்கு வெட்டினால் போதும், உள்ளே நோண்டக் கூடாது. இதற்குப் புதுச்சொல் தேவையில்லை, ‘உள்ளங்கால் மயிர்’ என்றாலே புரியும்.

க்விக் என்பதற்கு ‘உயிர்நகம்’ என்று புதிதாக ஆக்கியிருக்கிறீர்கள். நகக்கண் என்ற சொல் நம் வீடுகளில் எப்போதும் இருக்கிறதே! நகத்துக்குள் ரத்தமும் நரம்பும் உள்ள இடம் அதுதான். வெள்ளை நகத்தில் ரோஜா நிறமாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. எங்கள் நாய்க்குக் கறுப்பு நகம். முதல் வருடம் நகக்கண்ணை வெட்டிவிட்டேன். சோளமாவை வைத்து அழுத்திப் பிடித்ததும் ரத்தம் நின்றது, ஆனால் அதற்கப்புறம் பல வாரம் அது காலைக் கொடுக்கவே இல்லை. அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. கையேட்டைப் படிக்கிறவருக்கு ‘நகக்கண்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே தன் விரல் கூச வேண்டும். ‘உயிர்நகம்’ அதைச் செய்யாது.

காலின் உட்பக்கம் சற்று மேலே இருக்கும் நகமான ட்யூக்ளாவுக்குப் போட்டிருக்கும் ‘தரைபடா நகம்’ மட்டும் மிகச் சரி, அதை மாற்றாதீர்கள். தரையில் படாததால்தான் அது தேய்வதில்லை, வளைந்து வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. கால்தோகை அதை மூடியிருந்தால் யார் கண்ணிலும் படாது. ஒதுக்கும்போது முதலில் அதைத் தேடிப் பார்க்கச் சொல்லி அந்தப் பதிவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.